கேளாமலே நடக்கும் சரிபார்ப்பு: நிறுவி உருவாக்கும் கருவிகளில் இயல்பு அமைப்பை நிர்ணயித்தல்

மென்பொருளைக் கணினியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் நிறுவிகளை உருவாக்குவதற்கென்று இன்று வழங்கிவரும் கருவிகள் பலவும், தாம் உருவாக்கிய பொதியைத் தாமே சோதித்துப் பார்க்கும் ஆற்றலை ஏதோ ஓர் அளவில் பெற்றிருக்கின்றன. அந்த ஆற்றல் வேண்டுமா வேண்டாவா என்பது இன்று விவாதத்துக்குரிய விஷயம் அன்று. யாரும் கேளாதபோதும் அச்சோதனை நடக்க வேண்டுமா, நடந்து குற்றம் கண்டால் வேலையை அங்கேயே நிறுத்த வேண்டுமா அல்லது எச்சரித்துவிட்டு மேலே செல்ல விடலாமா, நிறுத்துமானால் அதைக் கடந்து செல்ல எத்தகைய வழியைத் திறந்து வைப்பது என்னும் மூன்று வினாக்களே கருவி செய்வோர் முன் நிற்பவை. அமைப்புகளை மாற்றிக்கொள்ளும் உரிமை பயன்படுத்துவோர் அனைவருக்கும் உண்டு. ஆயினும் பெரும்பாலோர் அவற்றைத் தொடுவதில்லையாதலால், கருவியைச் செய்தவர் இயல்பாக எதை வைத்துவிட்டுப் போனாரோ அதுவே எண்ணற்ற நிறுவிகளின் தரத்தை நிர்ணயிக்கும் சட்டமாகிவிடுகிறது. பல கருவிகள் இவ்வினாக்களுக்குக் கண்ட விடைகளை ஒருங்கு வைத்து ஆராய்ந்து, அவற்றினின்று நாம் கைக்கொள்ளத்தக்க நியதிகள் யாவை என்று தெளிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிறுவியில் நேரும் பிழையின் தன்மை

சாதாரண நிரல் ஒன்றில் நேரும் பிழைக்கும் நிறுவியில் நேரும் பிழைக்கும் முக்கியமான பேதம் ஒன்று உண்டு. நிரலின் பிழை அந்நிரல் இயங்கும்போது வெளிப்படும். வெளிப்பட்டதும் திருத்திய பதிப்பை அனுப்பிவிடலாம். நிறுவியின் பிழையோ, நிறுவும் நாளில் எவ்விதத் தடயமும் காட்டாமல் மறைந்திருந்து, பல மாதங்களுக்குப் பின் மேம்படுத்தும்போதோ நீக்கும்போதோ தலைகாட்டும். அப்போது அதைத் திருத்த அனுப்பும் புதிய நிறுவியும், பழைய நிறுவி விட்டுச் சென்ற குழப்பத்தின் வழியாகவே உள்ளே புக வேண்டியிருக்கும்.

1999-ஆம் ஆண்டில் ஆஃபீஸ் 2000 தொகுப்போடு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் இன்ஸ்டாலரை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். அது ஒவ்வொரு மென்பொருளையும் பல கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத தனி அடையாள எண் ஒன்றை விதித்து, ஒரு கூறை எத்தனை மென்பொருள்கள் பயன்படுத்துகின்றன என்ற கணக்கைத் தானே வைத்துக்கொள்கிறது. கணக்கு பூஜ்யமாகும்போதுதான் கோப்பு நீங்கும். ஆனால் ஒரே கோப்பை ஒரே இடத்தில் வைக்கும் இரண்டு கூறுகளுக்கு வெவ்வேறு அடையாள எண்களை ஒருவர் அறியாமல் கொடுத்துவிட்டால், அக்கோப்புக்கு இரண்டு தனிக் கணக்குகள் தோன்றிவிடுகின்றன. ஒன்று நீங்கும்போது, மற்றொன்றுக்கு இன்னும் தேவைப்படும் கோப்பும் உடன் அழிந்துபோகிறது. இந்தப் பாதகத்தை அனுபவிப்பவர் நிறுவியை எழுதியவர் அல்லர். எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒரு மென்பொருளை நீக்கிவிட்டு, மற்றொன்று ஏன் இயங்க மறுக்கிறது என்று புரியாமல் திகைக்கும் மனிதரே. மேலும் நிறுவிகள் பெரும்பாலும் கணினியின் நிர்வாக உரிமைகளோடு இயங்குபவையாதலின், அவற்றின் தவறு ஒரு மென்பொருளின் எல்லைக்குள் அடங்குவதும் இல்லை. இவ்விரண்டு காரணங்களால், நிறுவி விஷயத்தில் முன்கூட்டிய பரிசோதனைக்கு உள்ள மதிப்பு பிற மென்பொருள்களில் உள்ளதைவிட மிகுதி.

விண்டோஸ் இன்ஸ்டாலரும் விக்ஸும்

எம்.எஸ்.ஐ. என்று வழங்கும் விண்டோஸ் நிறுவிப் பொதி உண்மையில் ஒரு தரவுத்தளம். கோப்புகள், கூறுகள், குறுக்குவழிகள், ரெஜிஸ்ட்ரிப் பதிவுகள், செயல்வரிசை ஆகிய யாவும் அதில் அட்டவணைகளாக அமைந்துள்ளன. அவ்வட்டவணைகள் ஒன்றோடொன்று முரண்படாமல் இருக்கின்றனவா என்று காண மைக்ரோசாஃப்ட் வகுத்த சோதனைகளே ‘ஐஸ்’ என்ற சுருக்கப் பெயரோடு, எண்ணிட்டு வழங்குபவை. ஓர் அட்டவணை சுட்டும் பொருள் மற்றோர் அட்டவணையில் உண்மையாகவே இருக்கிறதா என்று காண்பது ஐஸ் 03. ஒரே கோப்பை வெவ்வேறு கூறுகள் ஒரே இடத்தில் வைக்கின்றனவா என்று காண்பது ஐஸ் 30. பயனரின் சொந்தக் கோப்புறைகளில் வைக்கப்படும் கூறுகள் உரிய விதத்தில் அடையாளம் பெற்றுள்ளனவா என்று காண்பது ஐஸ் 38. இச்சோதனைகள் தனித் தொகுப்புக் கோப்புகளாக இருந்து, பொதியின் நகல் ஒன்றோடு இணைக்கப்பட்டு, விண்டோஸ் இன்ஸ்டாலரின் வழியாகவே இயங்குகின்றன.

2004-ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் திறந்த மூலமாக வெளியிட்ட விக்ஸ் என்னும் கருவித்தொகுப்பு, நிறுவியை எக்ஸ்எம்எல் வடிவில் எழுதிப் பொதியாக்கும் முறையைப் பரவலாக்கியது. அதன் மூன்றாம் பதிப்பில், பொதியை இறுதியாக இணைக்கும் ‘லைட்’ என்ற நிரல், வேலை முடிந்ததும் ஐஸ் சோதனைகளை யாரும் கேளாமலே நடத்தியது. பிழை கண்டால் பில்ட் தோற்றது. ஆனால் அனைத்துச் சோதனைகளையும் அது கண்மூடி நடத்தவில்லை என்பதே நாம் கூர்ந்து நோக்க வேண்டிய விஷயம். ஐஸ் 08, 33, 47, 66 ஆகிய நான்கை இயல்பாகவே விலக்கி வைத்தது. அச்சோதனைகளுக்குச் சமமான அல்லது அவற்றினும் மேலான சோதனைகள் விக்ஸிலேயே உள்ளன என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இவற்றுள் ஐஸ் 08 ஒரே அடையாள எண் இருமுறை வருகிறதா என்று பார்ப்பது. ஐஸ் 33 சில ரெஜிஸ்ட்ரிப் பதிவுகள் அவற்றுக்கென்று உள்ள தனி அட்டவணைகளில் இருந்திருக்க வேண்டும் என்று எச்சரிப்பது.

இங்கே இயல்பு அமைப்பைப் பற்றிய முதற்பாடம் கிடைக்கிறது. ‘எல்லாவற்றையும் இயக்கு’ என்பதும் ‘எல்லாவற்றையும் விடு’ என்பதும் சிந்திக்காமலே செய்யக்கூடிய நிர்ணயங்கள். ஒவ்வொரு சோதனையையும் தனித்தனியே எடுத்து, இது கூறும் குற்றம் இக்கருவியைப் பயன்படுத்துவோர்க்கு உண்மையாகவே குற்றமா, இது வேறோரிடத்தில் முன்பே பிடிபட்டுவிட்டதா என்று கேட்டு, ஏற்பதையும் விலக்குவதையும் காரணத்தோடு செய்வதே விவேகம்.

ஆயினும் ஒரு சோதனையின் தகுதி சந்தர்ப்பத்தைப் பொறுத்து மாறும் என்பதையும் விக்ஸ் அனுபவமே காட்டுகிறது. விண்டோஸ் இன்ஸ்டாலர் பதிப்பெண்ணின் முதல் மூன்று பகுதிகளை மட்டுமே ஒப்பிடும். நான்காவது பகுதியைக் கருதுவதில்லை. ஆதலால் நான்காம் பகுதி மட்டும் மாறிய இரண்டு பொதிகள் அதன் கண்ணுக்கு ஒரே பதிப்பு. இத்தகைய பொதிகளுள் ஒன்று மற்றொன்றை மாற்றீடு செய்யலாம் என்று ஆசிரியர் வெளிப்படையாகவே அனுமதித்தால், ஐஸ் 61 எச்சரிக்கிறது. எச்சரிக்கை பொய்யன்று, ஆனால் அவ்விளைவை விரும்பியே ஆசிரியர் அவ்வாறு எழுதியிருக்கிறார். அறியாமையால் நேர்ந்த தவறுக்கும் அறிந்து செய்த தெரிவுக்கும் உள்ள வேறுபாட்டைச் சோதனை தானாகக் காண இயலாது. அவ்வேறுபாட்டைச் சொல்வதற்கு ஆசிரியருக்கு ஒரு வழி இருந்தே ஆக வேண்டும். விக்ஸ் அவ்வழியை இரண்டு அளவுகளில் தந்தது. குறிப்பிட்ட ஓர் ஐஸ் எண்ணை மட்டும் விலக்கச் சொல்லும் கட்டளை ஒன்று. சரிபார்ப்பு முழுவதையும் நிறுத்தச் சொல்லும் கட்டளை மற்றொன்று.

சோதனையே தோற்கும்போது

இரண்டாவது கட்டளை பரவலாகப் பயன்பட்டமைக்குக் காரணம், பொதிகளில் இருந்த குற்றங்கள் மட்டும் அன்று. ஐஸ் சோதனைகள் விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவையை நம்பி நிற்பவை. அவற்றுள் சில, கணினியில் உள்ள ஸ்கிரிப்ட் எஞ்சினையும் எதிர்பார்ப்பவை. ஆசிரியர் தம் மேசைக் கணினியில் பில்ட் செய்யும்போது இடையூறின்றி நடந்த சரிபார்ப்பு, குறைந்த உரிமைகளோடு இயங்கும் கணக்கின்கீழ் ஒரு பில்ட் சர்வரில் நடக்கும்போது, ஐஸ் 01 என்னும் முதற் சோதனையையே இயக்க முடியவில்லை என்று கூறி நின்றுவிடும். அந்தச் செய்தி பொதியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. சோதனை நடக்கவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. ஆனால் இரவு பில்ட் தோற்றுவிட்டதென்று காலையில் காணும் மனிதருக்கு, பொதி தோற்றதும் சோதனை தோற்றதும் ஒன்றாகவே தோன்றுகின்றன. வேலை நடந்தாக வேண்டுமே என்ற நெருக்கடியில் அவர் சரிபார்ப்பு முழுவதையும் நிறுத்தும் கட்டளையை எழுதிவிடுகிறார். அது அந்த பில்ட் கோப்பிலேயே நிலைத்து, அங்கிருந்து அடுத்த திட்டத்துக்கும் அதற்கடுத்த திட்டத்துக்கும் நகலெடுக்கப்பட்டுப் பரம்பரைச் சொத்தாகிவிடுகிறது.

இத்தனைக்கும் ஐஸ் முறையை வகுத்தவர்கள் இந்த வேற்றுமையை அறியாதவர்கள் அல்லர். சோதனையே இயங்காமல் தோற்றது, பிழை, எச்சரிக்கை, வெறும் தகவல் என்று செய்திகளை நான்கு வகையாக அவர்கள் பிரித்தே வைத்திருந்தனர். ஆயினும் அப்பிரிவின் பயன் பில்ட் முடிவில் பயனரைச் சென்றடையவில்லை. இயல்பாக இயங்கும் எந்தச் சோதனையும், அது இயங்குவதற்கு வேண்டிய சூழ்நிலை எங்கும் கிடைக்கிறதா என்பதை முதலில் நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். கிடைக்காத இடத்தில், ‘குற்றம் கண்டேன்’ என்பதற்கும் ‘பார்க்க இயலவில்லை’ என்பதற்கும் வெவ்வேறு முடிவுகளை அளிக்க வேண்டும். அவ்வாறு செய்யாத கருவி, ஒரு சோதனையின் தற்காலிக இயலாமைக்காக எல்லாச் சோதனைகளையும் நிரந்தரமாகப் பலிகொடுக்கும்படி தன் பயனரை நிர்ப்பந்திக்கிறது.

2023-இல் வெளிவந்த விக்ஸ் நான்காம் பதிப்பு, சரிபார்ப்பைத் தனிக் கட்டளையாகப் பிரித்து அமைத்திருக்கிறது. திட்டக் கோப்பின் வழியாக பில்ட் செய்வோர்க்கு அது முன்போலவே கேளாமல் நடக்கிறது. கட்டளை வரியில் தாமே படிப்படியாக நடத்துவோர்க்கு, வேண்டும் இடத்தில், வேண்டும் கணினியில் நடத்திக்கொள்ளும் சுதந்திரம் கிடைக்கிறது. புதியவர் நடக்கும் பாதையில் காவலையும், அனுபவசாலி நடக்கும் பாதையில் தெரிவையும் வைக்கும் இப்பிரிவு ஏற்கத்தக்கதே.

டெபியன் கண்ட வழி

லினக்ஸ் உலகில் டெபியன் குழுவினர் 1998 முதல் பயன்படுத்திவரும் ‘லின்டியன்’ என்னும் சோதனைக் கருவி, இதே வினாவுக்கு வேறோர் அமைப்பில் விடை தேடியது. அது காணும் குற்றம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. பெயருக்கு ஏற்ற விளக்கமும் உண்டு. பிழை, எச்சரிக்கை, தகவல், நுணுக்க விமரிசனம் என்று கடுமையின் தரமும் உண்டு. இவற்றுள் முதல் இரண்டு மட்டுமே இயல்பாகக் காட்டப்படுகின்றன. மற்றவை கேட்டால் மட்டுமே வரும். பொதி கட்டுவோர் வழக்கமாகக் கையாளும் ‘டிபில்ட்’ கட்டளை, பொதி முடிந்தவுடன் லின்டியனைத் தானே இயக்கிவிடுகிறது.

விதிவிலக்கு கோரும் முறையே லின்டியனின் தலைசிறந்த அம்சம் என்பது என் அபிப்பிராயம். ஆசிரியர் ஒரு குற்றத்தை ஏற்க மறுத்தால், அதன் பெயரை விலக்குக் கோப்பு ஒன்றில் எழுதிப் பொதியோடு சேர்த்து வைக்கிறார். காரணத்தைக் குறிப்பாக மேலே எழுதுவது நல்ல மரபாகப் போற்றப்படுகிறது. பொதியை ஆராயும் எவரும் அவ்விலக்கைப் படிக்கலாம், அதனோடு வாதிடலாம். காலம் மாறிப் பயனற்றுப்போன விலக்குகளையும் லின்டியன் கண்டுபிடித்துச் சொல்கிறது. ஆதலால் பழைய மன்னிப்புகள் கேட்பாரற்றுக் குவிவதில்லை.

2009-இல் டெபியன் களஞ்சியத்தின் பொறுப்பாளர்கள் மேலும் ஒரு படி சென்றனர். லின்டியன் காணும் குற்றங்களுள் தெரிந்தெடுத்த சிலவற்றுக்கு மட்டும், களஞ்சியத்தின் வாயிலிலேயே பொதி தானாக நிராகரிக்கப்படும் என்று விதித்தனர். அப்பட்டியலும் இரண்டாகப் பகுக்கப்பட்டது. ஒரு பகுதியில் உள்ள குற்றங்களுக்கு விலக்குக் கோப்பு எழுதினால் பொதி ஏற்கப்படும். மறு பகுதிக்கு எந்த விலக்கும் செல்லாது. ஆசிரியரின் கணினியில் அறிவுரையாக இருக்கும் அதே சோதனை, பொதுமக்களைச் சென்றடையும் வாயிலில் ஆணையாக மாறுகிறது. கடுமையை எங்கே வைப்பது என்ற வினாவுக்கு இதனினும் நேரிய விடையை நான் கண்டதில்லை.

ஆர்.பி.எம். உலகின் அனுபவம்

ஆர்.பி.எம். பொதிகளின் உலகில் இரண்டு செய்திகள் கவனத்துக்குரியவை. நிறுவும் கட்டத்தில் தோன்றிய ஒரு கோப்பு, பொதியின் பட்டியலில் குறிக்கப்படாமல் விடுபட்டால், பில்ட் இயல்பாகவே நின்றுவிடுகிறது. கோப்பு இருக்கிறது, பட்டியலில் இல்லை என்பது ஐயத்துக்கே இடமில்லாத உண்மையாதலாலும், சேர்ப்பதா நீக்குவதா என்பதை ஒரு வரியில் தீர்த்துவிடலாமாதலாலும், இக்கடுமையை எவரும் கொடுமையாகக் கருதுவதில்லை.

மற்றது, இயங்கு கோப்புகள் தமக்கு வேண்டிய நூலகங்களைத் தேடிச் செல்லும் பாதை பற்றியது. பில்ட் நடந்த கோப்புறையையே சுட்டிக்கொண்டு அப்பாதை வெளியே சென்றுவிட்டால், தீயோர் அங்கே தம் நூலகத்தை வைத்து ஏமாற்ற வழி பிறக்கிறது. இதைக் கண்டுபிடிக்கும் ஸ்கிரிப்ட் ஃபெடோரா பொதியாளர்களுக்கு நெடுங்காலமாகக் கிடைத்துவந்தது. விரும்பியவர் தம் அமைப்புக் கோப்பில் சேர்த்துக்கொண்டனர், மற்றவர் அறியாமலே இருந்தனர். 2021-இல் வெளிவந்த ஃபெடோரா 35 முதல் அச்சோதனை அனைவருக்கும் இயல்பாகி, குற்றம் கண்டால் பில்டை நிறுத்துவதாயிற்று. குறிப்பிட்ட வகைக் குற்றத்தை மட்டும் அனுமதிக்க ஒரு சூழல் மாறியும் தரப்பட்டது. விருப்பத்துக்கு விடப்பட்ட சோதனையால் பயன் பெறுவோர் முன்பே சிரத்தை உடையவர்கள். யாருக்கு அது மிகவும் தேவையோ அவர்களை அது சென்றடைவதே இல்லை.

ஓப்பன்சூசே திட்டத்தார் கையாண்ட யுக்தி வேறு. அவர்கள் ‘ஆர்பிஎம்லின்ட்’ காணும் குற்றங்களுக்கு எடை விதித்து, மொத்த எடை 1000 என்ற வரம்பைத் தாண்டினால் பில்ட் தோற்கும் என்று அமைத்தனர். பாதுகாப்பைத் தொடும் சில குற்றங்களுக்கு 10000 என்ற எடை தரப்பட்டிருப்பதால், அவை ஒன்றே நேர்ந்தாலும் பொதி நின்றுவிடும். இம்முறை நுட்பமானதுதான், ஆயினும் சிறு குற்றங்கள் பலவற்றின் கூட்டுத்தொகையால் பொதி நிற்கும்போது, எதைத் திருத்தினால் போதும் என்பது ஆசிரியருக்குச் சட்டெனப் புலப்படாது என்ற குறை அதற்கு உண்டு.

காலச்செலவை யார் ஏற்பது

சோதனைக்கு நேரமும் ஒரு விலை. டெபியனில் பொதி கட்டும்போது மென்பொருளின் சொந்தச் சோதனைகளும் இயல்பாக நடத்தப்படுகின்றன; வேண்டாதவர் நிறுத்திக்கொள்ளலாம். ஜென்டூவிலோ அவை இயல்பாக நடப்பதில்லை. காரணம் வெளிப்படை: டெபியனில் களஞ்சியத்தின் கணினிகள் ஒருமுறை செய்யும் வேலையின் பயன் எல்லாப் பயனருக்கும் சேர்கிறது, ஜென்டூவில் ஒவ்வொரு பயனரும் தம் கணினியிலேயே மூலத்திலிருந்து கட்டிக்கொள்வதால், அதே செலவை ஒவ்வொருவரும் தனித்தனியே ஏற்க வேண்டியிருக்கும். ஆண்ட்ராய்டு செயலிகளின் பில்ட் முறை மற்றொரு சமரசத்தைக் காட்டுகிறது. வெளியீட்டுக்குரிய பில்டில் மட்டும், மிகக் கடுமையான குற்றங்களைக் காணும் சுருங்கிய சோதனை கேளாமலே நடந்து, குற்றம் கண்டால் நிறுத்திவிடுகிறது. நாள்தோறும் நடக்கும் சோதனை பில்டுகள் விரைவாக நடக்க விடப்படுகின்றன. பழைய திட்டம் ஒன்றில் முன்பே குவிந்துள்ள குற்றங்களை ஓர் அடிப்படைக் கோப்பில் பதிந்து வைத்து, புதியவற்றை மட்டும் கண்டிக்கும் வசதியும் அதில் உண்டு.

எச்சரிக்கையின் பலவீனமும் மனித இயல்பும்

‘நிறுத்த வேண்டாம், எச்சரித்தால் போதும்’ என்பது கேட்பதற்கு மிதமான கொள்கையாகத் தோன்றும். அனுபவமோ அதற்கு எதிராக இருக்கிறது. கூகிள் நிறுவனத்துப் பொறியாளர்கள் தம் நிரல் ஆய்வுக் கருவிகளைப் பற்றி 2018-இல் வெளியிட்ட கட்டுரையில், கம்பைலரின் எச்சரிக்கைகள் பெரிதும் புறக்கணிக்கப்பட்டமையால், ஒரு சோதனையைப் பிழையாக்குவது அல்லது கம்பைலர் வெளியீட்டில் காட்டாமலே விடுவது என்ற முடிவுக்கு வந்ததாக எழுதியுள்ளனர். நிரலை மறுபார்வையிடும் கட்டத்தில் காட்டப்படும் சோதனைகளிலும், பயனற்றவையென்று பயனர் கருதுபவை பத்து விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும் என்று அவர்கள் விதித்துக்கொண்டனர். நாள் முழுதும் ஓயாது அடிக்கும் மணியை எவரும் காதில் வாங்குவதில்லை. நூறு எச்சரிக்கைகளோடு முடியும் பில்டில் நூற்றோராவது எச்சரிக்கை உயிர்நிலையானதாக இருந்தாலும் அதே கதிதான்.

மனிதர் இயல்பு அமைப்பை மாற்றுவதில்லை என்பதைப் பொருளியல் ஆராய்ச்சியும் உறுதிப்படுத்துகிறது. அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் ஓய்வூதியச் சேமிப்புத் திட்டத்தை ஆராய்ந்து பிரிஜிட் மேட்ரியன், டென்னிஸ் ஷே ஆகிய இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கருதத்தக்கது. ஊழியரைத் தானாகவே திட்டத்தில் சேர்க்கும் முறை வந்ததும் சேர்ந்திருப்போர் தொகை பெரிதும் உயர்ந்தது. அதே சமயம், நிறுவனம் இயல்பாக வைத்த மூன்று விழுக்காட்டுச் சேமிப்பிலும் அதற்கென்று குறித்த நிதியிலுமே பலர் தங்கிவிட்டனர். நன்மையையும் குறையையும் ஒருசேரச் சுமந்து செல்வது இயல்பு அமைப்பின் குணம் என்பதே இதனால் விளங்குவது. சோதனையை இயக்கி வைத்தால் மட்டும் போதாது. எந்த அளவில் இயக்கி வைக்கிறோமோ அந்த அளவிலேயே உலகம் நின்றுவிடும் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

தளர்வாக இருந்த ஒன்றைக் கடுமையாக்கும்போது காலக்கணக்கும் வேண்டும். அறிவிக்கப்படாத செயற்கூறை அழைப்பதை சி மொழியின் 1999-ஆம் ஆண்டுத் தரம் நீக்கியது. ஜிசிசி கம்பைலர் அதை இயல்பான பிழையாக்கியது 2024-இல் வெளிவந்த பதினான்காம் பதிப்பிலேதான். பழைய நிரல்களுக்காக அப்பிழையை எச்சரிக்கையாகத் தளர்த்தும் ஒரு வழியும் உடன் தரப்பட்டது. கால் நூற்றாண்டுத் தாமதம் மிகையே என்று நான் கருதுகிறேன். ஆனால் முதலில் எச்சரிக்கை, பின் அறிவிப்பு, பின் பிழை என்ற வரிசை நியாயமானது. ஒரே இரவில் பல திட்டங்களின் பில்டுகளைத் தோற்கடிக்கும் கருவியை மக்கள் திருத்திக்கொள்ள மாட்டார்கள். பழைய பதிப்பிலேயே தங்கிவிடுவார்கள்.

முடிவாக ஏற்கத்தக்க நியதிகள்

இவ்வனுபவங்கள் அனைத்தையும் சேர்த்து நோக்கும்போது சில நியதிகள் தெளிவாகின்றன. சரிபார்ப்பு கேளாமலே நடக்க வேண்டும். ஏனெனில் அதைக் கேட்கத் தெரிந்தவர்க்கு அது அவ்வளவாகத் தேவையில்லை. பில்டை நிறுத்தும் அதிகாரம், ஐயத்துக்கு இடமின்றிக் கண்டறியக்கூடியனவும், பயனரின் கணினியைச் சென்றடைந்தபின் மீட்க முடியாதனவுமான குற்றங்களுக்கு மட்டுமே தரப்பட வேண்டும். நடையையும் நயத்தையும் பற்றிய அறிவுரைகள் கேட்டால் மட்டுமே வர வேண்டும். சோதனை நடக்க இயலாமைக்கும் குற்றம் காண்பதற்கும் வெவ்வேறு முடிவுகள் வேண்டும். விலக்கு ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட குற்றத்தைப் பெயர் சொல்லி, காரணம் எழுதி, பொதியோடு பயணம் செய்ய வேண்டும். அனைத்தையும் ஒரே சொல்லால் நிறுத்தும் கட்டளை இருக்கலாம், ஆனால் பொதுமக்களுக்குச் செல்லும் வெளியீட்டில் அது வாயிலைக் கடக்கக் கூடாது. புதிய கடுமை முன்னறிவிப்போடு வர வேண்டும்.

இவ்வாறு கருவி செய்வோர் கட்டாயப்படுத்துவது ஆசிரியரின் சுதந்திரத்தில் தலையிடுவதாகாதா என்று வினவுவோர் உண்டு. அவ்வினாவில் நியாயம் இருக்கிறது. ஆதலினாலேயே பெயர் சொல்லி விலகும் வழியை நான் வலியுறுத்துகிறேன். ஆயினும் நிறுவியைப் பற்றிய பேச்சில் மூன்றாவது மனிதர் ஒருவர் எப்போதும் உண்டு என்பதை மறக்கலாகாது. கருவி செய்தவர், நிறுவியை எழுதியவர் ஆகிய இருவரும் தம் கருத்தைத் தாமே சொல்லிக்கொள்ள வல்லவர்கள். தம் கணினியின் முழு உரிமையையும் நம்பிக்கையோடு அந்நிறுவியின் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பயனருக்கு இவ்விவாதத்தில் இடமே இல்லை. அவர் சார்பில் பேசக்கூடியது இயல்பு அமைப்பு ஒன்றே. அதை நிர்ணயிப்பவர், தம் கருவியைப் பயன்படுத்துவோரின் சௌகரியத்தை மட்டும் அன்றி, அம்மூன்றாம் மனிதரின் நலத்தையும் தம் கடமையாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.